இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டில் ஷெல் அணுகல்: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் பூட்டுவது

விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்டில், அதாவது மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வரில், எஸ்எஸ்ஹெச்சைத் திறப்பது இரண்டு கிளிக் வேலைதான். அதைச் சரியான வரிசையில் திறந்து, வேலை முடித்து, மூடி, நாமே வெளியே மாட்டிக்கொள்ளாமல் இருப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை கட்டளை தெரியாததால் வந்தவை அல்ல. ஐந்தாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்ததால் வந்தவை.

இங்கே சொல்வது 7.0, 8.0 பதிப்புகளுக்கு. மெனு, அமைப்பு, கட்டளைப் பெயர்கள் உங்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். நான் உச்சரிப்பில் எழுதுகிறேன். முதல் தடவை செய்பவர் சோதனை ஹோஸ்ட் ஒன்றில் செய்து பாருங்கள்.

1. எந்தக் கதவு எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஹோஸ்ட்டுக்குள் கட்டளை அடிக்க இரண்டு வழிகள். ஒன்று இஎஸ்எக்ஸ்ஐ ஷெல்: சர்வரின் சொந்தத் திரையில் ஆல்ட்+எஃப்1 அழுத்தினால் வரும். இன்னொன்று எஸ்எஸ்ஹெச்: நெட்வொர்க் வழியாக வருவது. சேவைப் பட்டியலில் சில இடங்களில் இவை டிஎஸ்எம் என்றும் டிஎஸ்எம்-எஸ்எஸ்ஹெச் என்றும் தெரியும். டெக் சப்போர்ட் மோடு என்ற பழைய பெயரின் மிச்சம் அது.

இரண்டும் நிறுவும்போதே அணைந்த நிலையில்தான் வருகின்றன. எஸ்எஸ்ஹெச்சுக்கு மற்றது திறந்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் புதிதாக வருபவர்கள் "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டையும் திறந்துவிடுவார்கள். வேலைக்கு எது வேண்டுமோ அதை மட்டும் திறங்கள்.

மூன்றாவதாக டிசியூஐ இருக்கிறது. சர்வர் திரையில் மஞ்சளும் சாம்பலுமாகத் தெரியும் அந்த மெனு ஷெல் அல்ல. ஆனால் மற்றக் கதவுகள் எல்லாம் சாத்திக்கொண்டால் இதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். இந்த வழிகாட்டியின் பாதி அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது பற்றியதுதான்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஐடிராக், ஐஎல்ஓ போன்ற ரிமோட் கன்சோல் (சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து காட்டுவது) வேலை செய்ய வேண்டும். "லைசன்ஸ் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் போதாது. திறந்து, எஃப்2 அழுத்தி, ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகக் கணக்கு) கடவுச்சொல்லை அடித்து உள்ளே போய்ப் பாருங்கள். கன்சோலின் கீபோர்டு அமைப்பும் உங்கள் மடிக்கணினியின் அமைப்பும் வேறாக இருந்தால் கடவுச்சொல்லில் உள்ள குறியீடுகள் மாறி விழும். கடவுச்சொல் சரி, ஆனால் உள்ளே விடாது. நள்ளிரவில் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமல்ல அது.

வி-சென்டர் (ஹோஸ்ட்டுகளை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) எந்த ஹோஸ்ட்டில் ஓடுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இது அற்பமாகத் தெரியும். பத்தாவது படியில் இதன் அருமை புரியும்.

ஹோஸ்ட்டுக்குள் எந்த இயந்திரத்திலிருந்து போகப்போகிறீர்களோ அதற்கு நிலையான ஐபி முகவரி வேண்டும். நிர்வாகத்துக்கென்று ஒதுக்கிய ஒரு இடைக் கணினி இருந்தால் நல்லது.

நேரமும் பாருங்கள். ஹோஸ்ட்டின் கடிகாரம் என்டிபி நேர சர்வரோடு ஒத்துப்போகவில்லை என்றால், பிறகு பதிவுகளைப் படித்து யார் எப்போது வந்தார் என்று சொல்லவே முடியாது.

3. திறப்பதற்கு முன்பே நேர வரம்பு

நேர வரம்புகள் இரண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்ளாதவர் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை, நானும் குழம்பியவன்தான்.

யூசர்வார்ஸ்.இஎஸ்எக்ஸ்ஐஷெல்டைம்அவுட் என்பது கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதற்கு. சேவையைத் தொடங்கியதிலிருந்து அந்த நேரம் கடந்ததும் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியேற்றாது.

யூசர்வார்ஸ்.இஎஸ்எக்ஸ்ஐஷெல்இன்டராக்டிவ்டைம்அவுட் என்பது உள்ளே வந்தவர் ஒன்றும் அடிக்காமல் சும்மா இருந்தால் எவ்வளவு நேரத்தில் துரத்துவது என்பதற்கு.

விஎம்வேரின் பாதுகாப்பு வழிகாட்டி முதலாவதுக்கு 600 விநாடியும் இரண்டாவதுக்கு 900 விநாடியும் சொல்கிறது. நான் அதையே வைக்கிறேன். இரண்டிலும் சுழியம் போட்டால் வரம்பே இல்லை என்று பொருள்.

வி-சென்டரில் ஹோஸ்ட்டைத் தேர்ந்து, கான்ஃபிகர், சிஸ்டம், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று போனால் இவை கிடைக்கும். அங்கே அலகு விநாடி. டிசியூஐயில் இதே அமைப்பை மாற்றினால் அலகு நிமிடம்! டிசியூஐ நினைப்பில் அட்வான்ஸ்டு செட்டிங்கில் 10 என்று போட்டுவிட்டு, "எஸ்எஸ்ஹெச் திறந்ததும் தானாகவே மூடிக்கொள்கிறது, பக் போல" என்று ஒருவர் அரை நாள் தேடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? திறப்பு வரம்பு, சேவையை அணைத்து மீண்டும் தொடங்கும்போதுதான் நடைமுறைக்கு வரும். சும்மா இருக்கும் வரம்பு அடுத்த லாகினிலிருந்துதான் பொருந்தும். திறந்த பிறகு மாற்றினால் இப்போதைய அமர்வுக்கு ஒரு பயனும் இல்லை.

இன்னொன்று. 600 விநாடி வைத்த பிறகு பன்னிரண்டாவது நிமிடத்தில் உங்கள் இணைப்பு அறுந்தால் திரும்ப உள்ளே போக முடியாது. பதற வேண்டாம், ஹோஸ்ட் ஒன்றும் ஆகவில்லை. வி-சென்டரில் போய்ச் சேவையை மறுபடி தொடங்குங்கள்.

4. ஃபயர்வாலில் யார் தட்டலாம் என்று குறுக்குங்கள்

ஹோஸ்ட்டுக்குச் சொந்தமாக ஒரு ஃபயர்வால் உண்டு. எஸ்எஸ்ஹெச் சர்வர் விதி 22ஆம் போர்ட்டுக்கானது. எல்லா முகவரியிலிருந்தும் அனுமதி என்றுதான் தொடக்கத்தில் இருக்கும். கான்ஃபிகர், சிஸ்டம், ஃபயர்வால், எடிட் என்று போய், எல்லா முகவரிக்கும் அனுமதி என்ற டிக்கை எடுத்துவிட்டு உங்கள் இடைக் கணினியின் முகவரியை மட்டும் போடுங்கள்.

வி-சென்டர் ஹோஸ்ட்டோடு பேசுவது 443, 902 போர்ட்டுகளில். ஆகவே எஸ்எஸ்ஹெச் விதியைக் குறுக்குவதால் வி-சென்டர் அறுந்துபோகாது. அதனால்தான் இந்தப் படியைத் துணிந்து செய்யலாம். மற்ற விதிகளை அதே வேகத்தில் குறுக்கப் போகாதீர்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு, தன் மடிக்கணினிக்கு டிஹெச்சிபி தந்த முகவரியைப் போடுவது. நாளைக்கு அது வேறொருவருக்குப் போய்விடும். வேறொன்று, விபிஎன் வழியாக வரும்போது ஹோஸ்ட் பார்க்கும் முகவரி உங்கள் கணினியில் தெரியும் முகவரியாக இருக்காது என்பதை மறப்பது. ஹோஸ்ட் பார்க்கும் முகவரிதான் முக்கியம். விதியைக் குறுக்கும் முன், இதற்காக மட்டும் எட்டாம் படியில் சொல்வதுபோல் எஸ்எஸ்ஹெச்சைக் கொஞ்ச நேரம் திறந்து, ஒருமுறை உள்ளே போய், இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ கட்டளையில் நெட்வொர்க், ஐபி, கனெக்‌ஷன், லிஸ்ட் என்று அடித்தால், 22ஆம் போர்ட்டின் எதிர்முனையில் நிற்கும் முகவரி தெரியும். அதைப் போடுங்கள்.

5. ஆளுக்கொரு கணக்கு

எல்லோரும் ரூட்டாக வந்தால் பதிவில் எல்லா வரியிலும் ரூட் என்றுதான் இருக்கும். தப்பு நடந்த பிறகு யாரிடம் கேட்பது?

ஹோஸ்ட் கிளையன்ட்டில் (உலாவியில் திறக்கும் ஹோஸ்ட்டின் சொந்தப் பக்கம்) மேனேஜ், செக்யூரிட்டி அண்டு யூசர்ஸ் பக்கத்தில் பயனரை உருவாக்கலாம். வேலை அதோடு முடியவில்லை. ஹோஸ்ட்டின் பர்மிஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தப் பயனருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பொறுப்பு தர வேண்டும். முதல் பாதியை முடித்துவிட்டு "லாகின் ஆகவில்லை" என்று வருபவர்கள்தான் அதிகம். 8.0இல் பயனருக்கு ஷெல் அனுமதி உண்டா இல்லையா என்ற தனித் தேர்வும் இருக்கிறது. கண்காணிப்புக் கருவிக்கென்று உருவாக்கும் கணக்குக்கு அதைத் தராதீர்கள்.

விபிஎக்ஸ்யூசர் என்று ஒரு கணக்கு தெரியும். அது வி-சென்டருடையது, அதன் கடவுச்சொல்லை வி-சென்டரே வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறது. ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று நீங்கள் மாற்றினால் ஹோஸ்ட் வி-சென்டரிலிருந்து அறுந்துவிடும்.

ஹோஸ்ட்டை ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர் கணக்குகளை ஓரிடத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) சேர்த்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். இஎஸ்எக்ஸ் அட்மின்ஸ் என்ற பெயரில் டொமைனில் ஒரு குழு இருந்தால், அதன் உறுப்பினர்களுக்கு ஹோஸ்ட்டில் முழு நிர்வாக உரிமை தானாகவே கிடைத்துவந்தது. குழு இல்லையென்றாலும் பின்னால் யாராவது அதே பெயரில் உருவாக்கினால் போதும். 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இதை வெளியிட்டபோது ரான்சம்வேர் கும்பல்கள் ஏற்கெனவே இதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. சிவிஇ-2024-37085 என்பது இதன் எண். 8.0 அப்டேட் 3இல் திருத்தினார்கள், 7.0க்குத் திருத்தம் வரவில்லை. அங்கே அட்வான்ஸ்டு செட்டிங்கில் இஎஸ்எக்ஸ்அட்மின்ஸ்குரூப்ஆட்டோஆட் என்று முடியும் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கி, இஎஸ்எக்ஸ்அட்மின்ஸ்குரூப் என்று முடியும் அமைப்பிலிருந்து அந்த வழக்கமான பெயரையும் எடுத்துவிட வேண்டும்.

6. எஸ்எஸ்ஹெச் சாவி வைப்பவர்களுக்கு

லினக்ஸ் பழக்கத்தில் வருபவர்கள் தங்கள் பொதுச் சாவியை ஹோம் அடைவுக்குள், புள்ளியோடு தொடங்கும் எஸ்எஸ்ஹெச் அடைவில் போட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்பார்கள். இஎஸ்எக்ஸ்ஐ அங்கே பார்ப்பதே இல்லை. எட்சி அடைவு, அதற்குள் எஸ்எஸ்ஹெச், அதற்குள் கீஸ்-ரூட். அங்கே இருக்கும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில்தான் எழுத வேண்டும். வேறு பயனர் என்றால் கீஸ் என்பதன் பின்னால் கோடிட்டு அவர் பெயர்.

இடம் தப்பாக இருப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. இஎஸ்எக்ஸ்ஐயின் வேர் அடைவு நினைவகத்தில் ஓடுவது; அங்கே நீங்கள் போட்ட கோப்பு ரீபூட்டில் காணாமல் போகும். எட்சிக்குள் இருக்கும் அமைப்புக் கோப்புகளை ஹோஸ்ட் மணிக்கு ஒருமுறை சேமிக்கிறது. மாற்றிய உடனே சேமிக்க வேண்டும் என்றால் எஸ்பின் அடைவில் உள்ள ஆட்டோ-பேக்கப் ஸ்கிரிப்ட்டை ஓட்டுங்கள். மாற்றிய பத்தாவது நிமிடத்தில் மின்சாரம் போய், சாவியும் போன கதைகள் உண்டு.

வேலைக்கு வந்துபோன ஒப்பந்தக்காரரின் சாவி இரண்டு வருடமாக அந்தக் கோப்பில் இருப்பதும் நடக்கும். ஹோஸ்ட்டுக்குள் நேராக வருவதைத் தடுக்கும் லாக்டவுன் (பத்தாம் படி) போட்டால் அது தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சாவி வழியாக வரும் ரூட்டுக்கு லாக்டவுன் பொருந்தாது என்று விஎம்வேர் ஆவணங்களே எச்சரித்திருக்கின்றன. கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியும் யாருடையது என்று கேளுங்கள். பதில் இல்லாத வரியை நீக்குங்கள்.

7. பதிவுகள் ஹோஸ்ட்டை விட்டு வெளியே போக வேண்டும்

ஷெல்லில் அடித்த கட்டளைகள் வார் அடைவில் லாக் என்பதற்குள் ஷெல்.லாக் கோப்பில் விழும். லாகின் விவரங்கள் ஆத்.லாக் கோப்பில். உள்ளே வந்த ஆள் ரூட் என்றால் இரண்டையும் அழிக்க முடியும். யூஎஸ்பி அல்லது எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகும் ஹோஸ்ட்டில், பதிவுகளுக்கு வேறு நிலையான இடம் காட்டாவிட்டால், ரீபூட்டே அழித்துவிடும்.

ஆகவே சிஸ்லாக்.குளோபல்.லாக்ஹோஸ்ட் என்ற அமைப்பில் உங்கள் பதிவு சர்வரின் முகவரியைப் போடுங்கள். ஃபயர்வாலில் சிஸ்லாக் விதியும் திறந்திருக்கிறதா பாருங்கள். முகவரியைப் போட்டுவிட்டு இதை மறப்பவர்கள் ஏராளம். பிறகு, அடுத்த படியில் திறந்ததும், உள்ளே போய்த் தேதி கேட்கும் கட்டளை மாதிரி ஆபத்தில்லாத ஒன்றை அடித்து, அது பதிவு சர்வரில் வந்து விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

8. இப்போது திறங்கள்

வி-சென்டரில் கான்ஃபிகர், சிஸ்டம், சர்வீசஸ், எஸ்எஸ்ஹெச், ஸ்டார்ட். வி-சென்டர் இல்லையென்றால் ஹோஸ்ட் கிளையன்ட்டில் மேனேஜ், சர்வீசஸ். அதுவும் முடியவில்லை என்றால் டிசியூஐயில் எஃப்2, டிரபிள்ஷூட்டிங் ஆப்ஷன்ஸ்.

பக்கத்திலேயே ஸ்டார்ட்அப் பாலிசி என்று ஒன்று இருக்கும். அதைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் என்றால் இப்போது ஓடு. பாலிசி என்றால் ஒவ்வொரு பூட்டிலும் என்ன செய்வது. ஹோஸ்ட்டோடு தொடங்கு என்று பாலிசியை மாற்றிவிட்டால், இன்று நீங்கள் ஸ்டாப் செய்தாலும் அடுத்த ரீபூட்டில் எஸ்எஸ்ஹெச் எழுந்து நிற்கும். கட்டளையில் செய்பவர்களுக்கும் இதே பொறி உண்டு: விம்-சிஎம்டியில் எனேபிள் எஸ்எஸ்ஹெச் என்பது பாலிசி, ஸ்டார்ட் எஸ்எஸ்ஹெச் என்பது இப்போதைய ஓட்டம். இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்ட்டுகள் இரண்டையும் சேர்த்தே போட்டிருக்கும்.

திறந்ததும் ஹோஸ்ட்டின் மேல் மஞ்சள் எச்சரிக்கை வரும். சப்ரெஸ்ஷெல்வார்னிங் என்ற அமைப்பை 1 ஆக்கினால் அது மறையும் என்று யாராவது சொல்வார்கள். மறையும்தான். ஆனால் மூட மறந்தீர்கள் என்று சொல்ல இருக்கும் ஒரே ஆள் அந்த மஞ்சள் பட்டை. விட்டுவிடுங்கள்.

உள்ளே இருப்பது பாஷ் அல்ல, பிஸிபாக்ஸின் சிறிய ஷெல். லினக்ஸ் ஸ்கிரிப்ட்டை அப்படியே கொண்டுவந்து ஓட்டினால் பாதியில் உடையும்.

நேரடித் திரையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்ட்+எஃப்1 போய் வேலை பார்த்துவிட்டு ஆல்ட்+எஃப்2 அடித்து மெனுவுக்குத் திரும்பினால், ஷெல்லிலிருந்து வெளியேறியதாக ஆகாது. அடுத்து அந்தக் கன்சோலுக்கு வருபவர் ஆல்ட்+எஃப்1 அழுத்தினால் உங்கள் ரூட் அமர்வு அவருக்காகக் காத்திருக்கும். எக்ஸிட் அடித்த பிறகே திரும்புங்கள். மறந்தால் காப்பாற்றத்தான் மூன்றாம் படியின் 900 விநாடி.

9. வேலை முடிந்ததும், கணக்கு பூட்டிக்கொண்டால்

மூடுவது சுருக்கமான வேலை. எக்ஸிட் அடியுங்கள். சேவையை ஸ்டாப் செய்யுங்கள். இடைக் கணினியிலிருந்து மறுபடி இணைய முயன்று, மறுக்கிறதா என்று பாருங்கள். வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று நான்காம் படியில் சொன்ன இணைப்புப் பட்டியலை ஸ்டாப் செய்வதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். ஸ்டாப் செய்துவிட்டால் இருக்கும் அமர்வும் போய்விட்டது என்று கருதாதீர்கள்.

ஐந்து முறை தவறான கடவுச்சொல் விழுந்தால் கணக்கு 15 நிமிடம் பூட்டிக்கொள்ளும். இந்தப் பூட்டு எஸ்எஸ்ஹெச்சுக்கும் ஏபிஐ வழி லாகினுக்கும்தான். டிசியூஐக்கும் நேரடித் திரையின் ஷெல்லுக்கும் கிடையாது. ரிமோட் கன்சோலை முதலிலேயே சோதிக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ரூட் கடவுச்சொல்லை மாற்றிய அன்றிலிருந்து ரூட் கணக்கு ஓயாமல் பூட்டிக்கொண்டே இருந்தது. தாக்குதல் என்று எல்லோரும் பரபரத்தார்கள். பழைய கடவுச்சொல்லோடு விடாமல் தட்டிக்கொண்டிருந்தது எங்கள் கண்காணிப்புக் கருவியேதான். ஆத்.லாக் கோப்பில் எந்த முகவரியிலிருந்து தட்டுகிறார்கள் என்று பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். முதலில் தட்டுபவரை நிறுத்துங்கள், அப்புறம் 15 நிமிடம் காத்திருங்கள். வரிசை மாறினால் காத்திருந்தது வீண்.

10. லாக்டவுன் மோடு கடைசியில்

லாக்டவுன் போட்டால் நிர்வாகம் எல்லாம் வி-சென்டர் வழியாகத்தான். இரண்டு வகை உண்டு. நார்மலில் டிசியூஐ உயிரோடு இருக்கும், டிசியூஐ.ஆக்சஸ் பட்டியலில் உள்ளவர், தொடக்கத்தில் ரூட், சர்வர் திரையில் உள்ளே போய் லாக்டவுனை நீக்கலாம். ஸ்ட்ரிக்ட்டில் டிசியூஐ சேவையே நின்றுவிடும்.

போடும் முன் எக்செப்ஷன் யூசர்ஸ் பட்டியலில் ஒரு கணக்காவது இருக்க வேண்டும். கான்ஃபிகர், சிஸ்டம், செக்யூரிட்டி புரொஃபைல், லாக்டவுன் மோடு, எடிட் என்று போனால் அந்தப் பட்டியல். அதில் சேர்க்கும் பயனருக்கு ஹோஸ்ட்டிலேயே அட்மினிஸ்ட்ரேட்டர் பொறுப்பு இருக்க வேண்டும். வி-சென்டரில் மட்டும் உரிமை உள்ளவரைச் சேர்த்துப் பயனில்லை, ஆக்டிவ் டைரக்டரி குழுவையும் சேர்க்க முடியாது. ஹோஸ்ட்டில் நேராக லாகின் ஆகும் பேக்கப் கருவி ஏதாவது இருந்தால் அதன் கணக்கும் இங்கே வேண்டும். இல்லையென்றால் அன்றிரவு பேக்கப் ஓடாது.

இப்போது இரண்டாம் படியில் எழுதி வைத்ததை எடுங்கள். வி-சென்டர் இதே ஹோஸ்ட்டில் ஓடும் மெய்நிகர் கணினி என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரிக்ட் போட்டாயிற்று. மின்தடை, ஹோஸ்ட் எழுந்தது, வி-சென்டர் தானாக எழவில்லை. அதை எழுப்ப ஹோஸ்ட்டுக்குள் போக வேண்டும். ஹோஸ்ட்டுக்குள் போக வி-சென்டர் வேண்டும். டிசியூஐ இல்லை. எஸ்எஸ்ஹெச்சோ ஷெல்லோ திறந்து வைத்து எக்செப்ஷன் பயனரையும் வைத்திருந்தால் மட்டும் தப்பலாம். இல்லையென்றால், வி-சென்டர் இணைப்பு திரும்பாத வரை, மிஞ்சுவது மறு நிறுவல்தான் என்று ஆவணம் வெளிப்படையாகவே சொல்கிறது. எஸ்எஸ்ஹெச்சை மூடி வைக்கச் சொல்லும் அதே வழிகாட்டியில் ஸ்ட்ரிக்ட்டுக்காக அதைத் திறந்து வை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அதனால் சிறிய இடங்களுக்கு நான் நார்மலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நார்மல் போட்டதும் அன்றே மூன்றைச் சோதியுங்கள். எக்செப்ஷன் பட்டியலில் இல்லாத கணக்கு ஹோஸ்ட் கிளையன்ட்டில் மறுக்கப்படுகிறதா? எக்செப்ஷன் பயனர் உள்ளே போகிறாரா? ரிமோட் கன்சோலில் எஃப்2 அழுத்தி ரூட்டாக டிசியூஐக்குள் போக முடிகிறதா? மூன்றாவது தோற்றால் வி-சென்டர் இன்னும் கைக்கு எட்டும்போதே லாக்டவுனை எடுத்துவிட்டு இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.